ஒட்டியது சரி, வடிவம் மாறியது யார்?

ஒரு புரதம் டிஎன்ஏவோடு ஒட்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால் ஜெல் ஓட்டி, அதாவது மின்புலத்தில் ஒரு ஜெல் வழியாக நகர்த்தி, பார்த்தாலே போதும். ஒட்டும்போது இரண்டில் எது தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது என்பதை ஜெல் அவ்வளவு எளிதில் சொல்லாது. அதற்கு நான் முதலில் தேடிப் போவது சர்குலர் டைக்ராயிசம், சுருக்கமாக சிடி.

இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் வரும் வட்ட முனைவாக்க ஒளியை ஒரு மூலக்கூறு எவ்வளவு வித்தியாசமாக உறிஞ்சுகிறது என்று அளக்கிறோம், அவ்வளவுதான். புரதம், டிஎன்ஏ இரண்டுக்குமே இந்த வித்தியாசம் உண்டு, மடிப்பு மாறினால் அதுவும் மாறும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டும் ஒரே கரைசலில் கலந்து கிடந்தாலும் தனித்தனி ஜன்னல் வழியாகப் பார்க்க முடிவதுதான். 250 முதல் 300 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் தெரிவது பெரும்பாலும் டிஎன்ஏ. வழக்கமான பி வடிவ இரட்டைச் சுருள் என்றால் 275 பக்கம் ஒரு நேர் முகடும் 245 பக்கம் ஒரு எதிர் முகடும் வரும். அந்தப் பகுதியில் புரதத்தின் சிக்னல் மிகச் சிறியது. 208, 222 பக்கம் வந்தால் புரதத்தின் ஆட்சி, ஆல்ஃபா சுருள் இருந்தால் இரண்டு இடத்திலும் எதிர் முகடு. அங்கே டிஎன்ஏவும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதைக் கழித்தாக வேண்டும்.

ஜீன்களை இயக்கிவிடும் ஈஸ்ட்டின் ஜிசிஎன்4 புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவைப் பிடிக்கும் அதன் காரப் பகுதி (நேர் மின்சுமை மிகுந்த பகுதி) தனியாக இருக்கும்போது பெரும்பாலும் ஒழுங்கில்லாமல்தான் கிடக்கிறது. அது தேடும் வரிசை உள்ள டிஎன்ஏவைச் சேர்த்ததும் 222இல் எதிர் முகடு ஆழமாகிறது, அதாவது டிஎன்ஏவைப் பிடிக்கும்போதே அந்தப் பகுதி சுருளாக மடிகிறது. 1990இல் சிடி வைத்து இதைக் காட்டினார்கள், 1992இல் படிக அமைப்பு வந்தபோது அந்தச் சுருள்கள் டிஎன்ஏவின் பெரிய பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. இதற்கு நேர் எதிராக, எஃப்டி பேஜ் என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் ஜீன் 5 புரதம் ஒற்றை இழை டிஎன்ஏவில் ஏறும்போது 275 பக்கத்து முகடு நன்றாக இறங்குகிறது, அங்கே மாறுவது டிஎன்ஏ.

செய்முறையில் நான் எல்லோருக்கும் சொல்வது நடுவில் தடுப்பு வைத்த இரட்டை அறை கியூவெட், அதாவது கரைசலை ஊற்றி ஒளியைச் செலுத்தும் சிறு கலம். ஒரு அறையில் புரதம், இன்னொன்றில் டிஎன்ஏ, இரண்டும் ஒரே அளவு. ஒளி இரண்டையும் வரிசையாகக் கடந்து போகும்போது ஒரு ஸ்கேன். அப்புறம் மூடியை அழுத்திப் பிடித்து மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் தடுப்புக்கு மேலே உள்ள இடைவெளி வழியாகக் கலந்துவிடும், மறுபடி ஒரு ஸ்கேன். செறிவு பாதியாகிறது, பாதை நீளம் இரட்டிப்பாகிறது, ஆகவே இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். படியவில்லை என்றால் அந்த வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய செய்தி.

பஃபரில்தான், அதாவது அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்தான், பலர் சிக்கிக்கொள்கிறார்கள். குளோரைடு 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கும், அதனால் 10 மில்லிமோலார் பாஸ்பேட்டும் குளோரைடுக்குப் பதில் ஃப்ளோரைடும் போடச் சொல்வார்கள். சரி. ஆனால் நிறமாலை அழகாக வர வேண்டும் என்று உப்பையே எடுத்துவிடாதீர்கள், உப்பு குறைந்தால் நேர் மின்சுமை உள்ள புரதம் எந்த டிஎன்ஏவோடும் போய் ஒட்டிக்கொள்ளும். 200க்குக் கீழே உள்ள தரவை இழந்தாலும் பரவாயில்லை, சரியான உப்பளவில் அளப்பதே நல்லது என்பது என் கருத்து. 320 நானோமீட்டரில் கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்காமல் வால் மாதிரி இழுத்தால் அது பெரும்பாலும் திரண்டுபோன கரைசல் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது, வடிவ மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சிடி டைட்ரேஷனிலிருந்து, அதாவது டிஎன்ஏவில் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் அளப்பதிலிருந்து, நானோமோலார் அளவில் பிணைப்பு மாறிலி (எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதன் அளவு) எடுத்து எழுதிவிடுகிறார்கள். வழக்கமாக சிடிக்கு மைக்ரோமோலார் செறிவு வேண்டும், அவ்வளவு செறிவில் இறுக்கமாகப் பிடிக்கும் புரதத்தை எவ்வளவு சேர்த்தாலும் டிஎன்ஏ நிரம்பும் வரை முழுவதும் ஒட்டிவிடும். கோடு நேராகப் போய்ச் சட்டென்று மடங்கும். அந்த மடங்கும் இடம் ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்கு இரண்டா என்ற விகிதத்தை அருமையாகச் சொல்லும், மாறிலிக்கு மிகக் குறைந்த செறிவிலும் அளக்கக்கூடிய ஃப்ளூரசன்ஸ் அனைசோட்ரோபி போன்ற வேறு முறைக்குப் போய்விடுங்கள். எதைச் செய்தாலும், அதே நீளத்தில் வரிசையைக் கலைத்துப் போட்ட ஒரு டிஎன்ஏவை வைத்து அதே உப்பளவில் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். அதிலும் 222 அதே அளவு ஆழமாகிறது என்றால், அந்த வடிவ மாற்றத்தைக் குறிப்பிட்ட வரிசையின் கணக்கில் எழுத முடியாது.