ராபினுக்காக ஒரு பதிவு

இரண்டு நாளாக ஸ்வீடன் பாப் பாடகி ராபினின் பாடல்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1979-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். 1995-ல் முதல் ஆல்பம். இசைத் தயாரிப்பாளர்கள் டென்னிஸ் பாப், மாக்ஸ் மார்ட்டினோடு செய்த இரண்டு பாடல்கள் 1997-ல் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தன. பதின்வயதில் இவ்வளவு!

1999-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் தன் கருக்கலைப்பைப் பற்றி எழுதியிருந்தார். அமெரிக்க இசை நிறுவனம் மாற்றச் சொன்னது. அவர் மாற்றவில்லை. ஆல்பம் அங்கே வெளியாகவே இல்லை. அந்த வயதில் அப்படி நிற்பது சாதாரண விஷயமா?

அப்புறம் பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறி, 2005-ல் சொந்தமாக கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். 2007-ல் இசைத் தயாரிப்பாளர் க்ளேரூப்புடன் சேர்ந்து செய்த பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

எனக்கு மிகவும் நெருக்கமானது 2010-ல் வந்த 'டான்சிங் ஆன் மை ஓன்'. நேசித்தவன் வேறொருத்தியோடு இருக்கிறான். ஒரு மூலையில் நின்று பார்த்தபடி இவள் தனியாக ஆடுகிறாள். தாளம் துள்ளுகிறது, குரல் உடைகிறது. அழுதுகொண்டே ஆட முடியும் என்று எனக்குக் காட்டிய பாட்டு அது.

2010-க்குப் பிறகு அடுத்த தனி ஆல்பம் 2018-ல்தான். நடுவில் ஒரு பிரிவு, 2014-ல் நண்பர் கிறிஸ்டியன் ஃபால்க்கின் மரணம். இன்றிரவு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கேட்கப்போகிறேன்.