வட்ட ஓட்டப் படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம்?

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில், பொருளியல் தாளின் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு எனக்கு இரண்டுதான் கிடைத்தது. குடும்பங்கள், நிறுவனங்கள் என்ற இரண்டு மட்டுமே உள்ள இருதுறை மாதிரியில், அவற்றுக்கிடையே வருமானம் சுற்றிவரும் வட்ட ஓட்டத்தைப் படத்துடன் விளக்க வேண்டும். ஸ்கேல் வைத்து, பென்சிலில் சுத்தமாகத்தான் வரைந்திருந்தேன். ஆனால் நான்கு அம்புக்குறிகளும் ஒரே பக்கமாகச் சுற்றின. உழைப்பும் குடும்பத்திலிருந்து நிறுவனத்துக்குப் போனது, கூலியும் குடும்பத்திலிருந்தே நிறுவனத்துக்குப் போனது!

டீச்சர் பேப்பரைக் கொடுக்கும்போது திட்டவில்லை. "உங்கம்மா எங்க கண்ணு வேலைக்குப் போறாங்க?" என்றார்.

"பனியன் கம்பெனிங்க மிஸ். செக்கிங்."

"சனிக்கிழமை சம்பளத்த அம்மா கம்பெனிக்குக் குடுக்கறாங்களா, கம்பெனி அம்மாவுக்குக் குடுக்குதா?"

அதன்பிறகு அந்தப் படத்தில் நான் தப்பு செய்ததே இல்லை. அம்மா உழைப்பைக் கொடுக்கிறார், கம்பெனி கூலி தருகிறது. கடை பொருளைக் கொடுக்கிறது, அம்மா காசு தருகிறார். பொருளும் உழைப்பும் ஒரு பக்கம் சுற்றினால், பணம் எதிர்ப்பக்கம் சுற்றும். முன்னது உண்மை ஓட்டம், பின்னது பண ஓட்டம். ஒவ்வொரு அம்பு போடும்போதும் "யார் யாருக்கு, எதற்காக?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அரசையும் சேர்த்த மூன்று துறை, வெளிநாட்டையும் சேர்த்த நான்கு துறை மாதிரிகளில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அங்கே ஓட்டத்தைவிட்டு வெளியே போகும் பணம் கசிவு, ஓட்டத்துக்குள் வரும் பணம் உட்செலுத்தல். நானும் கசிவு, உட்செலுத்தல் இரண்டையும் மனப்பாடம்தான் செய்துகொண்டிருந்தேன். திருப்பூரில் வாரச் சம்பளம். ஒரு சனிக்கிழமை ராத்திரி, அம்மா ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வந்து கணக்கு நோட்டை எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். அரிசி, காய், வாடகை எல்லாம் நுகர்வு. சரி. பி.எஃப். கைக்கு வருவதற்கு முன்பே பிடித்தம் ஆகிவிட்டது, அது சேமிப்பு. சோப்பு விலைக்குள் ஜி.எஸ்.டி. இருக்கிறது, அது வரி. பாமாயில் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு இந்தோனேசியாவுக்கோ மலேசியாவுக்கோ போய்ச் சேரும்; அது இறக்குமதி. மூன்று கசிவுகளும் ஒரே பக்கத்தில் இருந்தன.

திரும்பி வரும் வழியும் எங்கள் ஊரிலேயே தெரிந்தது. அமெரிக்காவிலிருந்து டி-ஷர்ட் ஆர்டர் வந்தால் ஏற்றுமதி. அரசு ரோடு போட்டால் அரசுச் செலவு. நோட்டில் சீட்டுப் பணம் என்று ஒரு வரி இருந்தது. அது சேமிப்புதான். ஆனால் அந்த மாதம் சீட்டு எடுத்தவர் ஓவர்லாக் மெஷின் வாங்கி வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தால், அதே பணம் முதலீடாக ஓட்டத்துக்குள் வந்துவிடும். வங்கி பெரிய அளவில் செய்வதும் இதே வேலைதான்.

ஓட்டம் சமநிலையில் இருக்க, கசிவும் உட்செலுத்தலும் சமமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். சேமிப்பு = முதலீடு, வரி = அரசுச் செலவு, இறக்குமதி = ஏற்றுமதி என்று ஜோடி ஜோடியாகச் சமமாக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்தம் சமமானால் போதும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சேமிப்பு 100, வரி 150, இறக்குமதி 50: கசிவு 300. முதலீடு 80, அரசுச் செலவு 160, ஏற்றுமதி 60: உட்செலுத்தலும் 300. ஒரு ஜோடிகூடப் பொருந்தவில்லை, ஆனாலும் சமநிலை இருக்கிறது. சேமிப்பில் மிஞ்சிய 20-இல் 10 அரசின் பற்றாக்குறையை நிரப்புகிறது, மீதி 10 ஏற்றுமதி உபரிக்கு ஈடாகிறது. இதைக் கையால் ஒரு தடவை எழுதிப் பார்த்தவர்களுக்குச் சூத்திரம் மறக்காது.

இன்னொரு பொறி, மகளிர் உரிமைத் தொகை. அரசு மாதாமாதம் பெண்களுக்குப் பணம் தருகிறதே, அதை அரசுச் செலவில் சேர்க்கலாமா? கூடாது. அது மாற்றுச் செலுத்துகை. பதிலுக்குப் பொருளோ சேவையோ அரசு வாங்கவில்லை. அம்மா அதை மளிகைக் கடையில் செலவழிக்கும்போது நுகர்வாகக் கணக்கில் வரும். முதியோர் ஓய்வூதியத்துக்கும் இதே விதிதான்.

விடைக்கு முன்னுரை வேண்டுமென்றால் பிரான்சுவா கெனே பற்றி இரண்டு வரி எழுதலாம். பதினைந்தாம் லூயி மன்னரின் மருத்துவர். 1758-இல் விவசாயிகள், நில உடைமையாளர்கள், கைவினைஞர்கள் ஆகியோருக்கிடையே செல்வம் எப்படிச் சுற்றுகிறது என்று அட்டவணை போட்டார். எனக்கு அவரைவிடப் பிடித்தவர் நியூசிலாந்துக்காரர் பில் பிலிப்ஸ். 1949-இல் லண்டனில், குழாய்களிலும் தொட்டிகளிலும் நீர் ஓடுகிற ஓர் இயந்திரத்தைச் செய்து, வரிக்கு ஒரு குழாய், சேமிப்புக்கு ஒரு குழாய் என்று பொருளாதாரத்தையே ஓட விட்டுக் காட்டினார். கசிவு என்ற சொல் அதற்கப்புறம் எனக்கு வெறும் சொல்லாக இல்லை.

பொதுத்தேர்வில் வட்ட ஓட்டம் கேட்கவில்லை. தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறைகள் வந்தது. ஒரு நிமிடம் கை நடுங்கியது. அப்புறம் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் அந்த வட்டத்தைச் சின்னதாகப் போட்டேன். நிறுவனத்தில் உருவாகும் பொருளை எண்ணினால் உற்பத்தி முறை, குடும்பத்துக்கு வரும் கூலி, வாடகை, வட்டி, லாபத்தைக் கூட்டினால் வருமான முறை, கடையில் போகும் காசை எண்ணினால் செலவு முறை. ஒரே ஓட்டத்தை மூன்று இடத்தில் நின்று அளக்கிறோம், அதனால்தான் மூன்றிலும் ஒரே விடை வர வேண்டும் என்று முதல் வரியை எழுதிவிட்டு, மூன்று தலைப்பையும் போட்டு எழுத ஆரம்பித்தேன்.