உப்புக்கு எதற்கு அஸ்திரம்?

எட்டு வயதுப் பையனிடம், சாப்பாட்டு மேசையில், "தாங்கள் தயைகூர்ந்து அந்த உப்பை எனக்கு நல்க வேண்டுகிறேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? வாயில் இருக்கும் சூப் மூக்கு வழியாக வரும் அளவுக்குச் சிரிப்பான். சிரித்தான்.

ருமேனிய மொழியில் நான் அவனிடம் சொன்னது கிட்டத்தட்ட அதுதான்: "வ ரோக் ஸ-மி தாத்ஸி ஸாரெயா." இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. மூன்று மாதம் மெட்ரோ ரயிலில் போக வர செல்பேசிச் செயலியில் உருப்போட்ட வாக்கியம். யாரிடம் சொன்னேன் என்பதுதான் கோளாறு.

ஊர் பெயர் ஸிபியெல். திரான்சில்வேனியாவில் ஸிபியு நகரத்துக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், கார்ப்பாத்திய மலையடிவாரத்துக் கிராமம். கண்ணாடியின் பின்பக்கம் வரைந்த கிறித்தவத் திருவுருவங்களுக்கு இங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். அதைப் பார்க்கத்தான் போனேன். ஒரு நாள் என்று போனவன் நான்கு இரவு தங்கிவிட்டேன், காரணம் அந்த வீட்டு அம்மா. வீட்டிலேயே இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார், அறுபது வயதைத் தாண்டியவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனுக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் பத்துச் சொல் தெரியும். ஆக, மேசையில் மொத்த ருமேனியப் பொறுப்பும் என் தலையில்.

பேரன் சிரித்து முடித்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தி, "உமி தாய் ஸாரெயா?" என்றார். பையன் உப்பை நகர்த்தினான். முடிந்தது கதை.

தமிழில் எழுதிப் பார்த்தால் உமியும் தாயும் ஏதோ பழமொழி போல இருக்கிறது. பொருள் அதைவிட எளிது: 'எனக்குத் தருகிறாயா'. உமி என்றால் எனக்கு, தாய் என்றால் தருகிறாய், ஸாரெயா உப்பு. நிகழ்காலத்தில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். "உப்பு தர்றியா?" என்று வீட்டில் கேட்போமே, சொல்லுக்குச் சொல் அதே. மூன்று மாதமாக நான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலம் வழியாக மரியாதை தேடிக்கொண்டிருந்தேன். 'முடியுமா', 'இயலுமா' என்று சுற்றி வளைக்கும் வாக்கியங்கள் ருமேனிய மொழியிலும் உண்டு, அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் உப்புக்கும் தண்ணீருக்கும் யாரும் அத்தனை தூரம் நடப்பதில்லை. குரலைக் கடைசியில் மேலே ஏற்றினால் போதும். ஏற்ற மறந்தால் கேள்வி கேள்வியாகவே இருக்காது. 'எனக்கு உப்பு தருகிறாய்' என்று தகவல் சொன்னது போல ஆகிவிடும்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நமக்கு ஒரு பரம்பரைச் சொத்து இருக்கிறது. அந்த 'உமி'யின் முதல் ஒலி உதட்டைக் குவித்துச் சொல்லும் உகரம் அல்ல. வெளிநாட்டுக்காரர்கள் திணறும் ஒலி என்று செயலி பயமுறுத்தும். 'பாட்டு', 'ஆறு' என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதல்லவா? பள்ளியில் குற்றியலுகரம் என்று மதிப்பெண்ணுக்காகப் படித்தோமே, கிட்டத்தட்ட அதேதான். அதைச் சொல்லின் முதலில் கொண்டு வைக்க வேண்டும், அது ஒன்றுதான் புதிது. 'உமி'யின் கடைசி இகரமோ பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். குற்றியலிகரம்! தமிழாசிரியர் கேட்டால் சந்தோஷப்படுவார். 'தாய்' என்பதில் உள்ள த மட்டும் 'தயவு' என்பதில் வரும் த, அம்மாவைக் குறிக்கும் த அல்ல.

சரி, 'தயவுசெய்து' எங்கே போயிற்று? இருக்கிறது: தே ரோக். ரோகம் என்ற சொல்லின் முன்பாதி. லத்தீனிலிருந்து வந்த வினை. 'உன்னை வேண்டுகிறேன்' என்பது நேர்ப்பொருள். இதே வினையைத் தனக்கே திருப்பிச் சொன்னால் கடவுளிடம் வேண்டுதல் என்றாகிவிடும். கோவிலில் வேண்டுவதும் பக்கத்து வீட்டில் வேண்டுவதும் நமக்கும் ஒரே சொல்தானே. ஒருவரை 'நீ' என்று பேசினால் தே ரோக், 'நீங்கள்' என்றால் வ ரோக். வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ செருகிக்கொள்ளலாம்: "உமி தாய், தே ரோக், ஸாரெயா?" சொன்னால் இனிமை, விட்டால் குற்றமில்லை. நம் வீட்டில் யாராவது "தயவுசெய்து" என்றால் சண்டைக்கு வருகிறார்களோ என்று பார்ப்போம் அல்லவா, அங்கே அவ்வளவு மோசமில்லை. ஆனால் அழுத்திச் சொன்னால் அங்கேயும் அதே வாடைதான். பேரன் மூன்றாவது முறை பந்தைச் சுவரில் அடித்தபோது அந்த அம்மா சொன்ன "தே ரோக்" ஒரு வேண்டுகோளே அல்ல.

இப்போது அஸ்திரத்துக்கு வருகிறேன். 'நீங்கள்' என்பதற்கான சொல் தும்ன்யவ்வாஸ்த்ர. கேட்டாலே வில்லை வளைத்த மாதிரி இருக்கும். 'நீ' என்பதற்கு து. இதைச் சற்று நீட்டிச் சொன்னால் நமக்குத் துப்புகிற சத்தம், அதனாலேயே எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் அந்த அம்மா ஒரு வினைச்சொல்லைப் போட்டார்: "ஸ நே தூத்துயிம்." எனக்குத் தூத்துக்குடி என்று காதில் விழுந்தது. நான் திருநெல்வேலிக்காரன், இந்த மலையில் பக்கத்து ஊர் பெயரைக் கேட்டால் திடுக்கிடாமல் என்ன செய்வேன். பேரன் தன் நெஞ்சையும் என் நெஞ்சையும் மாறி மாறித் தொட்டு "து, து" என்றான். 'நாம் ஒருவரை ஒருவர் நீ என்றே பேசிக்கொள்வோம்' என்று முறைப்படி அழைப்பு விடுப்பதற்கு அவர்களிடம் தனி வினையே இருக்கிறது. மூத்தவர்தான் அழைக்க வேண்டும், இளையவன் தானாகத் தாவக் கூடாது. என்னை விட இருபது வயது மூத்தவரை 'நீ' என்று சொல்ல எனக்கு அன்று பகல் முழுவதும் நாக்கு கூசியது. சாயங்காலம்தான் பழகியது.

இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: தும்னெயாத்தா. இதைச் செயலி சொல்லித் தரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று, சொந்தத் தோட்டத்துப் பிளம்ஸ் பழத்தில் காய்ச்சிய த்ஸுய்காவைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீட்டியபோது அவரும் வீட்டம்மாவும் ஒருவரை ஒருவர் இப்படித்தான் விளித்துக்கொண்டார்கள். வருடக்கணக்காகப் பழகியவர்கள், ஆனால் வயதுக்கு ஒரு மரியாதை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் டீக்கடையில் "என்ன வே, நீரு நேத்து வரலையே" என்பார்களே, அந்த 'நீர்'. ஒரே வித்தியாசம், நம் நீருக்குத் தனி வினைமுற்று உண்டு, தாரும், வாரும் என்று. அவர்கள் நீருக்கு நீயின் வினையையே கடன் வாங்கிக்கொள்கிறார்கள். இதை நகரத்தில் எடுத்து வீச வேண்டாம். அங்கே மேலிருந்து பேசுவது போலப் படும். நெல்லையைத் தாண்டி 'நீர்' என்றால் எதிராளி முறைப்பதில்லையா, அது போல.

மூன்றாம் நாள் மழை. வெளியே போக வழியில்லை, அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வேண்டுகோளும் தனியாக வருவதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். கூடவே ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'கொஞ்சம்' என்பதற்குப் புத்ஸின். "கொஞ்சம் இங்க வா" என்பதை அப்படியே சொல்கிறார்கள். யாராலும் கொஞ்சமாக வர முடியாது, முழுதாகத்தான் வர முடியும் என்பதைப் பற்றித் தமிழனும் கவலைப்படுவதில்லை, ருமேனியனும் கவலைப்படுவதில்லை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஷி மியே, அதாவது 'எனக்கும்'. பேனா கேட்கும்போது "எனக்கும் ஒரு பேனா தர்றியா?" என்கிறார்கள். வேறு யாருக்கும் பேனா தரப்படவில்லை. ஆனாலும் அந்த உம்மை, 'எல்லோருக்கும் கிடைப்பதில் ஒரு பங்கு போதும்' என்று கேட்பவனைக் கொஞ்சம் கீழே இறக்கி உட்கார வைத்துவிடுகிறது. "உமி தாய் ஷி மியே புத்ஸின ஆப்ப?" எனக்கும் கொஞ்சம் தண்ணீர் தருகிறாயா. இதைச் சொன்ன அன்று வீட்டம்மா தண்ணீரோடு கன்னத்தையும் கிள்ளிவிட்டுப் போனார். நாற்பது வயதில் கன்னம் கிள்ளப்படுவது ஒரு அனுபவம்.

பெயர்ச்சொல்லையே சுருக்கிக் குழைப்பதும் உண்டு. காப்பிக்கு கஃபியா. அன்போடு கேட்டால் கஃபெலுத்ஸ, காப்பிக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கும் ஒரு குட்டி வடிவம் இருக்கிறது. "ஒரு நிமிடக்குட்டி" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். நம் "இந்தா வந்துட்டேன்" ஞாபகம் வந்தது.

ஸிபியுவுக்குத் திரும்பியதும் இதையெல்லாம் வெளியாட்களிடம் சோதித்துப் பார்த்தேன். கூரைகளில் கண் போன்ற ஜன்னல்கள் வைத்த வீடுகள் இந்த ஊரின் அடையாளம், தெருவெல்லாம் நம்மையே பார்ப்பது போல இருக்கும். வழி கேட்க "நு வ ஸுப்பராத்ஸி" என்று தொடங்க வேண்டும். 'கோபித்துக்கொள்ளாதீர்கள்' என்பது பொருள். "கோச்சுக்காதீங்க, ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. இதன் ஒருமை வடிவத்தோடு 'தம்பி' என்பதைச் சேர்த்தால் ஒரு விளையாட்டின் பெயர்: "நு தே ஸுப்பரா, ஃப்ராத்தே", 'கோபப்படாதே தம்பி'. தாயக்கட்டைக்கு உறவான லூடோ விளையாட்டுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். காயை வெட்டிவிட்டு ஆறுதல் சொல்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்களுக்கு ஒரு சொல் சொல்லி வைக்கிறேன்: தே போஸ்த். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் நோன்புச் சாப்பாடு, இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராது. "தே போஸ்த் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்காரருக்கு உடனே புரியும். 'சைவம்' என்று விளக்கப் போனால் கோழி போட்ட சூப் வந்து சேரலாம். நோன்பிலேயே சில நாட்களுக்கு மீன் உண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கூட ஒரு ஆர்தெய் யூத்தே, பச்சை மிளகாய், கேளுங்கள். புளிப்பான ச்சோர்ப சூப்போடு அதைக் கடித்துக்கொள்வது அவர்கள் வழக்கமே. "எனக்கும் ஒன்று" என்று கேட்டேன், பரிமாறிய பையன் இரண்டு கொண்டுவந்து வைத்துவிட்டு நான் கடிப்பதைப் பார்க்க அங்கேயே நின்றான்.

புக்காரெஸ்ட்டில் வந்திறங்கிய முதல் நாள் நடந்ததை இப்போதுதான் சொல்லத் தைரியம் வருகிறது. நெரிசலான டிராமில் கதவை ஒட்டி நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், "கோபொருத்ஸி லா ப்ரிமா?" என்றார். ஏதோ விற்கிறார் என்று நினைத்து, "வேண்டாம், நன்றி" என்று அழகாகச் சொல்லிவிட்டுக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு முறை கேட்டார். நானும் இன்னொரு முறை நன்றி சொன்னேன். டிராம் நின்றது, அவர் என்னைப் பிளந்துகொண்டு இறங்கினார், திரும்பிப் பார்த்த பார்வையில் அகராதி தேவைப்படவில்லை. 'அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறீர்களா?' என்பதுதான் அந்தக் கேள்வி. டவுன் பஸ்ஸில் "எறங்கறீங்களா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்பார்களே, வழிவிடு என்று யாரும் சொல்வதில்லையே, அச்சு அசல் அதுதான். ஆயிரம் முறை கேட்டும் சொல்லியும் வளர்ந்தவன் இதைப் பிடிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம்.

ஸிபியெலை விட்டுக் கிளம்பிய காலை, வாசலில் பையை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தேன். முந்தின இரவு பேரனிடம் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் காட்டியிருந்தேன், சிங்கங்கள் உள்ள பக்கத்தை அவன் விரலால் தடவிக்கொண்டே இருந்தான். இப்போது வந்து எதிரே நின்றான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டான், கைகளைப் பின்னால் கட்டினான், முகத்தை நீதிபதி மாதிரி வைத்துக்கொண்டான்.

"வ ரோக் ஸ-மி தாத்ஸி மொனேதா."

'தாங்கள் தயைகூர்ந்து அந்த நாணயத்தை எனக்கு நல்க வேண்டுகிறேன்.' பாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் இரண்டு நாணயமாக எடுத்து நீட்டினேன். "போஃப்திம்" என்றேன், இந்தா என்று.