சமவெளியில் மட்டும் கொட்டட்டும்

தை பிறந்த பிறகு எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடிக்கு விடியற்காலையில் இரண்டு வகை ஆட்கள் ஏறுவார்கள். சூரியனைக் கும்பிடுகிறவர்கள் ஒரு வகை. மற்றது நான். எனக்குச் சூரியன் வருவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். வெள்ளவத்தைக் கூரைகளுக்கும் கட்டட வேலைக் கிரேன்களுக்கும் அப்பால், கிழக்கே சிவனொளிபாதமலை தெரிகிறதா என்று பார்ப்பேன். நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அந்தத் திசையில் மலை இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு உலர்ந்து வீசும் தை, மாசியில்தான் சில விடியல்களில் அந்தக் கூம்பு முழுசாகத் தெரியும். தெரிந்தால் காற்றில் ஈரம் குறைவு என்று அர்த்தம். உதடும் வெடித்திருந்தால் இன்னும் நல்லது. அன்றிரவு நுவரெலியாவில் உறைபனி கொட்டிப் புல்வெளி வெளுக்குமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கடை திறக்குமுன் செய்மதிப் படத்தில் மலையகத்தின் மீது மேகம் எவ்வளவு என்று பார்த்துவிடுவேன். பிறகு வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பநிலைப் பட்டியலில் நுவரெலியாவின் இழிவு வெப்பநிலை. வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

இந்த நோயைத் தொற்றவைத்தவன் அக்காவின் மகன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருக்கிறான். எனக்கு விடியற்காலை ஐந்தரை என்றால் அவனுக்கு நள்ளிரவு; அன்றைய கடைசி வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகுமுன் எனக்கு ஒரு செய்தி அனுப்புவான். அவன் ஊருக்கு மேற்கே பென்னைன் மலைத்தொடர் இருக்கிறது. அதைக் கடந்து போகும் ஸ்னேக் பாஸ் என்ற வீதியின் உச்சி 512 மீட்டர்தான். நம் தேயிலை மலைகளைப் பார்த்தவர்கள் அதை மேடு என்பார்கள். ஆனால் அங்கே அந்த மேடு போதும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. நகரத்தில் மூன்று பாகையில் மழை பெய்துகொண்டிருந்தால், மேலே அதே மழை பனியாக விழுந்து வீதியை மூடிவிடும். அதனால் அந்நாட்டில் பனிக்கு ஏங்குகிறவர்கள் முதலில் கேட்பது “எந்த உயரத்துக்கு மேல்?” என்றுதான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், அதாவது 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில், காற்று மறை ஐந்து பாகைக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பார்கள். பத்து நாளுக்குப் பின்னால் வரப்போகிற கிழக்குக் காற்று வரைபடத்தில் தெரியும். அடுத்த நாள் அது பதின்மூன்றாம் நாளுக்குப் போய்விடும். பிறகு காணாமல் போய்விடும். 2018 பெப்ரவரியில் மட்டும் அது சொன்னபடி வந்தது. ஆர்க்டிக்கின் மேல், வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் ஒன்றான படைமண்டலம் திடீரென்று சூடாகி, மேற்கிலிருந்து வீச வேண்டிய காற்று திசை மாறி, சைபீரியக் குளிர் அப்படியே பிரிட்டன் மீது இறங்கியது. மருமகன் அங்கே போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. “ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் மாமா” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவன் கணக்கை நம் பக்கம் போட்டுப் பார்த்தால் வேடிக்கை. தை மாத விடியலில் கொழும்பு 22 பாகை. நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,880 மீட்டர். கழித்தால் பத்துப் பாகை வருகிறது. பத்துப் பாகையில் எதுவும் உறையாது. நம் ஊரில் காற்று பூச்சியப் பாகையைத் தொடுவதே ஏறத்தாழ ஐயாயிரம் மீட்டரில்தான். பிதுருதலாகலை 2,524 மீட்டர். அதன் தலைக்கு மேலே இன்னொரு பிதுருதலாகலையை அடுக்கினால்தான் அந்த எல்லை எட்டும். மேகத்துக்குள் பிறக்கும் பனித்துகள் கீழே வர வர உருகி, மலையைத் தொடும்போது வெறும் மழையாகிவிடுகிறது. இடிமழையோடு எப்போதாவது விழும் ஆலங்கட்டி மட்டும் உருவத்தில் பெரியதாக இருப்பதால் பிழைத்துக் கீழே வந்துவிடும். ஆகவே மலையகத்தில் பனிமழை என்பது நடக்காத காரியம். எனக்கு இது நன்றாகவே தெரியும்.

பிறகு புல்வெளி வெளுப்பது எப்படி? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வெண்மைக்கு உயரம் பாதிக் காரணம்தான். மீதி வேலையை வெறும் வானம் செய்கிறது. மேகமில்லாத, காற்றசையாத, உலர்ந்த இரவில் தரை தன் வெப்பத்தைச் செங்கீழ்க் கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. திருப்பி அனுப்ப மேகம் இல்லை. மேகமூட்டமான இரவில் மலைக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி, எவ்வளவு குளிர்ந்தாலும் ஓர் அளவோடு நின்றுவிடும். போர்வை விலகிய இரவில், ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 3, 4 பாகை காட்டும்போதே புல்நுனி பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் பச்சையாக இருக்கும், கீழே கொல்ப் திடலிலும் குதிரைப் பந்தயத் திடலிலும் வெளுத்துக் கிடக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நம் ஆட்கள் தரையைச் சொல்லி வைத்ததற்குக் காரணம் வெப்பமானி இல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஷெஃபீல்டுக்காரனுக்கு ஈரமும் குளிரும் ஒன்றாக வர வேண்டும். எனக்கு ஈரம் தொலைய வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்து நேரெதிரான வரங்களைக் கேட்கிறோம்.

பனி கொட்டியது என்று செய்தி வந்தால் கொழும்பிலிருந்து வான் பிடித்துக்கொண்டு கிளம்புகிற கூட்டத்தை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான். இமயமலைப் படத்தைப் போட்டு ‘இன்று காலை நுவரெலியா’ என்று யாரோ எழுதியிருப்பார்கள். அதை நம்பிப் போவார்கள். எட்டு மணிக்கு எழுந்து, கிரகரி வாவிக் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மேலிருந்து எதுவும் விழாது. காற்றிலுள்ள நீராவி புல்லின் மேலேயே நேராகப் பளிங்காகிறது. பார்க்க வேண்டியது காலுக்குக் கீழே, அதுவும் ஆறரை மணிக்கு முன்னால். வெயில் பட்டால் கொஞ்ச நேரத்தில் ஈரப் புல்தான் மிச்சம்.

இவ்வளவு ஆசையோடு பேசுகிறேனே, அக்காவின் முன்னால் இதில் ஒரு சொல்லும் பேச முடியாது. அவள் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள், லயத்துக்குக் கீழே பள்ளத்தில் கொஞ்சம் மரக்கறி போட்டிருக்கிறாள். பனி விழுந்த தேயிலையைப் பார்த்திருக்கிறீர்களா? நெருப்பு வைத்ததாகவே நினைப்பீர்கள். இளங்கொழுந்து முழுவதும் பழுப்பாகச் சுருண்டுவிடும். புதிதாகத் துளிர்க்கும்வரை அந்த மலையில் பறிக்க ஒன்றும் இல்லை. பறிக்க இல்லையென்றால் நிறை இல்லை, நிறை இல்லையென்றால் அரைப் பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான். மரக்கறியில் லீக்ஸ் தாங்கிவிடும். போஞ்சியும் உருளைக்கிழங்கும் ஓரிரவில் கறுத்துவிடும். விடிவதற்கு முன் எழுந்து, வெயில் படுமுன் இலைக்கு இலை தண்ணீர் தெளிப்பார்கள், அந்தக் குளிரில், வெறுங்கையால். சின்ன வயதில் நானும் வாளி தூக்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கே, தெளிப்பதற்கு முன்னால் அந்த வெள்ளைப் பாத்தியை ஒரு நிமிடம் நின்று பார்த்ததும் நான்தான். அம்மாவிடம் வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.

ஆகவே வானத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறேன். ஹோர்டன் சமவெளியில் மட்டும் கொட்டட்டும். 2,100 மீட்டருக்கு மேலே, தேயிலையும் இல்லை, பாத்தியும் இல்லை, யாருடைய சம்பளமும் இல்லை. புல்லும் மரையும்தான். பட்டிப்பொலப் பக்கமாக இருட்டோடு ஏறிப் போனால் வெண்மை கலையுமுன் பார்த்துவிடலாம். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “நீ ஆசைப்பட்டு எது தம்பி நடந்திருக்கிறது? ஆசைப்பட்டுக்கொண்டே இரு, எங்கள் கொழுந்து தப்பிக்கும்” என்றாள்.

இந்த வாரம் மலையகம் முழுவதும் மேகம். ஷெஃபீல்டிலும் மழைதான், ஸ்னேக் பாஸ் திறந்தே இருக்கிறது, மருமகன் முகம் தொங்கிப்போய் இருக்கிறான். வியாழனுக்குப் பிறகு இங்கே காற்று வடக்கே திரும்பி வானம் வெளுக்கும் என்று வரைபடம் காட்டுகிறது. காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிபடு நிலையும் இறங்குகிறது. அக்காவுக்கு நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், போஞ்சிப் பாத்திக்குச் சாக்குகளை எடுத்து வைக்கும்படி. பழைய உரச்சாக்குகள் போதாதாம். கடையில் வெறும் சாக்கு கிடந்தால் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னாள்.