இலக்கு இதயத்துடிப்பு: சுவரில் ஒட்டிய சார்ட் போதாது

என் வயது 48. 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, அதாவது இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் துடிக்கக்கூடிய அளவு, 172. ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட் இதில் 50 முதல் 70 சதவீதம் எடுத்து, மிதமான பயிற்சிக்கு 86–120 என்கிறது. 86-ஆ? மாடிப்படி ஏறினாலே அது தாண்டிவிடும். பயிற்சியாளரைக் கேட்டால், "சார்ட்ல இருக்கு பாருங்க சார்" என்பதோடு சரி.

அந்த சார்ட்டில் விட்டுப்போனது ஓய்வுத் துடிப்பு, அதாவது சும்மா இருக்கும்போது உள்ள துடிப்பு. அதையும் சேர்ப்பது கார்வோனன் முறை. என் ஓய்வுத் துடிப்பு 62. 172-இல் அதைக் கழித்தால் 110. மிதமான பயிற்சிக்கு இந்த முறையில் எடுப்பது 40 முதல் 60 சதவீதம். 110-இல் 40 சதவீதம் 44. அதோடு 62-ஐத் திரும்பக் கூட்டினால் 106. 60 சதவீதத்துக்கு 128. ஆக 106–128. கடைசியில் திரும்பக் கூட்ட மறப்பவர்கள்தான் அதிகம்.

ஓய்வுத் துடிப்பைக் காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் முழு நிமிடம் எண்ணுங்கள். மூன்று நான்கு நாள் பார்த்து சராசரி எடுப்பது நல்லது. காபி குடித்துவிட்டு எண்ணி 80 என்று போட்டால், 106 இருக்க வேண்டிய கீழ் எல்லை 117 ஆகிவிடும்.

220 கணக்கும் உத்தேசம்தான். ஒரே வயதுக்காரர்களிடையே 10, 12 துடிப்பு முன்னே பின்னே இருப்பது சகஜம். 2001-இல் வந்த டனாகா சூத்திரம் 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழிக்கிறது. 40 வயதில் இரண்டுக்கும் விடை 180. 70 வயதில் 220 கணக்கில் 150, டனாகாவில் 159. வயதானவர்கள் டனாகாவையே எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சி நடுவே நாடி பார்க்க, நின்றவுடன் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே நாடி உண்டு. முதல் துடிப்பில் நேரத்தைத் தொடங்கினால் அதைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் விடையில் நான்கு கூடிவிடும்.

துடிப்பு காட்டும் வாட்ச் தளர்ந்திருந்தால் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணித் தொலைக்கும். வேக நடையில் நிமிடத்துக்கு 115 அடி, வாட்சிலும் 115 என்றால் சந்தேகப்படுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டி, கையால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டை துல்லியமானது, ஆனால் மின்முனைகளை ஈரமாக்காமல் கட்டினால் அதுவும் உளறும்.

பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. மருந்தே துடிப்பை அடக்கி வைக்கும். இலக்கை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிதமான பயிற்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு: பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.