பதினான்கு வருடம், பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர்

2022 செப்டம்பரில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில்தான் அந்த வண்டியைப் பார்த்தேன். 2008 மாடல் ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார், சில்வர் கலர், மீட்டரில் 19,212 கிலோமீட்டர். வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், 2013-ல் தவறிவிட்டார். அவர் மனைவிக்கு ஓட்டத் தெரியாது, பிள்ளைகள் வெளியூரில். ஒன்பது வருடமாகக் கவர் போட்டபடியே நின்றிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த அம்மா கவரை விலக்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி மூடியிருக்கிறார். பானட் நுனியில் குங்குமம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்கு இறுகிப் போயிருந்தது.

"புது வண்டி மாதிரி, விட்டுடாதே" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வாங்கிவிட்டேன், வருத்தமே இல்லை. ஆனால் புது வண்டி மாதிரி என்பது மட்டும் சரியில்லை. கிலோமீட்டர் ஏறாமல் இருக்கலாம், வயசு ஏறாமல் இருக்காது.

டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்: 0908. அதாவது 2008-ன் ஒன்பதாவது வாரம். நான்கு டயரும் அப்படியே, டிக்கியில் இருந்த ஸ்டெப்னியும் அதே. பிரேக் பெடல் ரப்பரில் கோடுகூடத் தேயவில்லை, சர்வீஸ் புத்தகத்தின் கடைசி முத்திரையும் கணக்கோடு ஒத்துப்போனது. வண்டியோடு வந்த டயரே இன்னும் இருப்பதால், மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைக்கவில்லை என்று அந்த 0908-ஐப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதே 0908தான் இந்த டயரை நம்பி பைபாஸில் ஏறாதே என்றும் சொல்லியது. பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடுபள்ளம், புதுசு போல ஆழமாக இருக்கிறது, ஆனால் பக்கவாட்டை விரலால் அழுத்தினால் காய்ந்த வாய்க்கால் மண் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு. ஐந்தையும் மாற்றினேன்.

இன்னொன்று. இந்த மாதிரி வண்டி கிடைத்ததும் பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். என் மெக்கானிக் அண்ணன் சாவியைத் தொடவே விடவில்லை. "தம்பி, ஒன்பது வருசம் தூங்கினவனை உதைச்சா எழுப்புவாங்க?" என்றார். ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற வைத்தார். மறுநாள் காலை கிராங்க் புல்லியில் (இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் சக்கரம்) ஸ்பேனரை மாட்டி மெதுவாகக் கையாலேயே சுற்றினார். முதலில் அசையவில்லை, அப்புறம் ஒரு மெல்லிய முனகலோடு சுற்றியது. அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருந்தது, ஆனால் அது பெட்ரோலாக இல்லை. தேயிலைத் தண்ணீர் நிறம், பழைய வார்னிஷ் வாடை. நாளாக ஆக லேசான பகுதி ஆவியாகி, பிசின் போன்ற கசடு தங்கிவிடும். அதை அப்படியே இழுத்திருந்தால் பம்பும் இன்ஜெக்டரும் அடைத்திருக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, பம்பையும் ஃபில்டரையும் மாற்றினோம். பெட்ரோல் ஓஸ்களையும் விடவில்லை, இப்போது பங்கில் எத்தனால் கலந்துதானே வருகிறது, அந்தக் காலத்து ரப்பரை நம்பி விட எனக்கு மனசில்லை. ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதால் பின் சக்கரம் இரண்டும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள், அதனால் ஓடாவிட்டாலும் கெட்டுப்போகும். வீல் சிலிண்டருக்குள் துரு பிடித்திருந்தது. டைமிங் பெல்ட்டைப் பார்க்கக்கூட இல்லை, நேராகப் புதுசு. ஓடும்போது அது அறுந்தால் இன்ஜினே போய்விடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு, தேங்காய் நார், கடித்த ஒயர். அதைச் சரிசெய்யவே இரண்டு நாள் போனது.

வண்டி 70,000, வேலை 58,000. என் கருத்து இதுதான்: வண்டி விலையில் முக்கால் பங்கையாவது தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் இந்த மாதிரி வண்டிக்குப் போகாதீர்கள். சென்னைப் பக்கத்து வண்டியாக இருந்தால் சீட் பெல்டை முழுசாக, கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். 2015 வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்க வாய்ப்புண்டு, அதை யாரும் கழுவ நினைப்பதில்லை.

பேப்பர் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருந்தால் அவர் மனைவியிடம் நேராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் வைத்து படிவம் 31-ல் முதலில் மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும், அப்புறம்தான் 29, 30 போட்டு நம் பெயருக்கு. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 2023 ஏப்ரலில் பதினைந்து வருடம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்கும் எஃப்.சி. வந்துவிட்டது. அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பேரம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள், நான் அப்போது பேசாமல் விட்டுவிட்டேன்.

சாவி வாங்கும்போது அந்த அம்மா, "தம்பி, அவர் ராத்திரியில் ஓட்டவே மாட்டார், கண் கூசும்பார், நீங்களும் பார்த்துப் போங்க" என்றார். சரிம்மா என்றேன். ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றி உள்பக்கம் துடைத்து, பல்பும் மாற்றிய பிறகுதான் முதல் இரவுப் பயணம் போனேன், புதுக்கோட்டை வரை.

மீட்டர் இப்போது 31,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ரேடியேட்டரின் கீழ் மூலையில் நேற்றுக் காலை பச்சையாக ஒரு சொட்டு பார்த்தேன். பழைய ஓஸ் எல்லாம் மாற்றியாயிற்று, ரேடியேட்டர் மட்டும்தான் பழசு. ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் கொண்டுபோக வேண்டும்.