சி மொழிக்கும் படம் வரையலாம்

"யூஎம்எல் எல்லாம் ஜாவாக்காரர்களுக்கு, சி எழுதுகிற நமக்கு எதற்கு?" எம்பெடட் வேலையில், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு நிரல் எழுதும் வேலையில், இந்தப் பேச்சை அடிக்கடி கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. மென்பொருளைப் படமாக வரைவதற்கான குறியீட்டு முறைதான் யூஎம்எல். அது தரமாக ஏற்கப்பட்டது 1997-இல். அதிலுள்ள ஸ்டேட் டயகிராம், அதாவது ஒரு கருவி எந்தெந்த நிலைகளில் இருக்கும், எந்த நிகழ்வில் நிலை மாறும் என்று காட்டும் படம், அதைவிட மூத்தது. போர் விமான மின்னணுக் கருவிகளை வடிவமைத்த பொறியாளர்களோடு உட்கார்ந்து கணினி அறிஞர் டேவிட் ஹாரெல் உருவாக்கிய ஸ்டேட்சார்ட்தான் அதன் வேர். அவரது கட்டுரை 1987-இல் வந்தது. ஸ்டேட் டயகிராமைப் பயன்படுத்த, ஜாவாவில் தரவையும் செயல்களையும் ஒன்றாகக் கட்டும் கிளாஸ் எதுவும் தேவையில்லை.

போர்வெல் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் கன்ட்ரோலர் ஒன்றுக்கு சி-யில் நிரல் எழுத வேண்டியிருந்தது. முதலில் வெள்ளைப் பலகையில் நான்கு பெட்டிகள் வரைந்தோம்: நிறுத்தம், காத்திருப்பு, ஓட்டம், கோளாறு. அம்புகளின் மேல் நிகழ்வுகள்: பட்டன் அழுத்தல், கரண்ட் வருதல், ஒரு பேஸ் போதல், தண்ணீர் இல்லாமல் ஓடுதல். சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரையும் கூப்பிட்டிருந்தோம். அவருக்கு சி தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தண்ணி இல்லாம மோட்டார் நின்னுருச்சு. அப்புறம் கரண்ட் போயிட்டு வருது. இப்ப எந்தப் பெட்டியில இருக்கும்?"

படத்தில் அதற்கு அம்பு இல்லை. அப்படியே நிரலாகியிருந்தால், கரண்ட் வந்ததும் வறண்ட கிணற்றில் மோட்டார் மறுபடி ஓடியிருக்கும். நீர்மூழ்கி மோட்டாரின் சூட்டைத் தணிப்பதே சுற்றியிருக்கும் தண்ணீர்தான். கோளாறு நிலையை, கரண்ட் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராமில் எழுதிவைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவானது. அப்புறம் நிலைகளை வரிசையாகவும் நிகழ்வுகளை நெடுக்காகவும் வைத்து ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினோம். 'ஒன்றும் செய்யாதே' என்றாலும் அதையும் எழுதினோம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளை வைக்கும் ஸ்விட்ச்-கேஸ் நிரல் அதிலிருந்து நேராக வந்துவிட்டது.

கிளாஸ்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் கிளாஸ் டயகிராமும் பாதிக்குப் பாதி உதவும். ஒரு சி கோப்பும், அது மற்ற கோப்புகளுக்குத் தருவதை அறிவிக்கும் ஹெடரும் சேர்ந்து ஒரு பெட்டி. ஹெடரில் உள்ளவை பொது, அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரியும் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்கள் அந்தரங்கம். எந்தக் கோப்பு எந்த ஹெடரைச் சேர்க்கிறது என்ற இன்க்ளூட் உறவுகளை அம்புகளாகப் போட்டால், இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது உடனே கண்ணில் படும். நடக்கும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் எப்போது கொடியை (ஃபிளாக்) ஏற்றுகிறது, திரும்பத் திரும்ப ஓடும் மெயின் லூப் எப்போது அதைப் படிக்கிறது என்று பார்க்க, நேர வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் டயகிராம் நல்லது. வேலையின் படிகளைக் காட்டும் ஆக்டிவிட்டி டயகிராமை நான் அதிகம் வரைவதில்லை. பெரும்பாலும் நிரலில் உள்ளதையே திருப்பிச் சொல்கிறது.

படம் பழசாகிவிடும் என்ற கவலை நியாயமானதுதான். அதனால் எழுத்திலிருந்து படம் வரையும் பிளான்ட்யூஎம்எல் கருவியில் எழுத்தாகவே எழுதி, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்திலேயே வைக்கிறோம். நிலை ஒன்று மாறினால் படமும் அதே கமிட்டில் (மாற்றப் பதிவில்) மாற வேண்டும். மாறாவிட்டால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.